பெட்டி கட்டும் முன் காகிதம் கட்டுங்கள்



நமது மாணவர் பேரவையின் ஆண்டு மலருக்கு, வெளிநாட்டு வேலை பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று தம்பிகள் இருவர் வீடு தேடி வந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "நான் வெளிநாடே போகலையேப்பா, போய் வந்தவங்ககிட்ட கேளுங்க" என்றேன். "போய் வந்தவங்க எல்லாம் அங்கே எடுத்த போட்டோவைத்தான் தர்றாங்கண்ணா. எப்படிப் போறதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றார்கள்.

அதுவும் சரிதான். ஆற்றைக் கடந்தவனுக்கு அக்கரை தெரியும். நடுவில் முழுகியவனுக்குத்தான் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியும். நான் முழுகியவன். ஆகவே எழுதுகிறேன். பாடமாகவும் படிக்கலாம், எச்சரிக்கையாகவும் படிக்கலாம்.

1. வேலை விடுமுறை என்றால் என்ன?

"விடுமுறையில் வேலையா? வேலையில் விடுமுறையா?" என்று என் அப்பா கேட்டார். இரண்டும்தான். இளைஞர்கள் ஒரு நாட்டில் ஓராண்டோ ஈராண்டோ தங்கி, ஊர் சுற்றிப் பார்த்து, அந்தச் செலவுக்கு அங்கேயே வேலை செய்து சம்பாதித்துக்கொள்ள அனுமதிப்பதே வேலை விடுமுறை விசா. ஆஸ்திரேலியா இதை 1975-ல் பிரிட்டன், அயர்லாந்து, கனடா நாட்டு இளைஞர்களுக்காகத் தொடங்கியது. பிறகு பல நாடுகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

இதில் ஒரு வசதி உண்டு. சாதாரண வேலை விசாவுக்கு அங்கே ஒரு முதலாளி உங்களை அழைக்க வேண்டும். இதற்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை. போய் இறங்கிய பிறகு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் இது குடியேறும் விசா அல்ல. காலம் முடிந்ததும் திரும்பி வர வேண்டும். "போயிட்டா அப்புறம் பி.ஆர். தானா கிடைச்சுடும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள்.

2. நமக்குத் திறந்துள்ள கதவுகள்

வெகு காலம் இந்தியர்களுக்கு இந்தக் கதவு மூடியே இருந்தது. அண்மையில் இரண்டு கதவுகள் திறந்தன.

முதலாவது பிரிட்டன். இளம் தொழில் வல்லுநர் திட்டம் என்ற பெயரில் 2023 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 3,000 இடம். வயது 18 முதல் 30 வரை. 24 மாதம் தங்கலாம். இளங்கலைப் பட்டமோ அதற்கு மேலோ வேண்டும் என்பதால் டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. கையில் 2,530 பவுண்டு இருப்பதை, அதுவும் தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருந்ததைக் காட்ட வேண்டும். அங்கீகரித்த மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை செய்த சான்றும் வேண்டும். குலுக்கலில் பெயர் பதியக் கட்டணம் கிடையாது.

இரண்டாவது ஆஸ்திரேலியா. 462 என்ற எண் கொண்ட விசா. இந்திய ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 1,000 இடம். முதல் குலுக்கலுக்கான பதிவு 2024 அக்டோபர் 1 முதல் 31 வரை நடந்தது. முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பதிந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த விசாவைப் பற்றித்தான்.

இதன் நிபந்தனைகளைச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் 31 பிறந்திருக்கக் கூடாது. பள்ளிக் கல்விக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு படித்திருக்க வேண்டும். ஆங்கிலம் போதுமான அளவு தெரியும் என்று காட்ட வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் சராசரி 4.5 போதும். கையிருப்பு 5,000 ஆஸ்திரேலிய டாலர், அதோடு திரும்பி வர டிக்கெட்டுக்கும் பணம். பிள்ளைகளை உடன் அழைத்துப் போக முடியாது. முதல் விசா கேட்கும்போது ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். விசா கிடைத்த 12 மாதத்துக்குள் உள்ளே நுழைய வேண்டும். நுழைந்த நாளிலிருந்து 12 மாதம் தங்கலாம்.

டிப்ளமோ மாணவர்கள் "பள்ளிக் கல்விக்குப் பின்" என்ற சொல்லைக் கூர்ந்து கவனியுங்கள். நம்மில் பெரும்பாலோர் 10-ஆம் வகுப்பு முடித்து மூன்றாண்டு படிக்கிறோம். சிலர் பிளஸ் டூ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேர்கிறார்கள். சான்றிதழில் இருவருக்கும் ஒரே டிப்ளமோதான் என்றாலும், விசா அதிகாரி எந்த ஆண்டிலிருந்து எண்ணுவார் என்பதில் கேள்வி எழும். அதை முடிவு செய்பவர் அவர்தான். நான் இங்கே டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்து முடித்திருந்தேன். ஆகவே படிப்பு விஷயத்தில் எனக்குச் சிக்கல் இல்லை. மேலே படிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் இதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பொய்க் கதவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "டூரிஸ்ட் விசாவுல போ தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்" என்பார்கள். மாற்ற முடியாது. சுற்றுலா விசாவில் வேலை செய்வது பொதுவாகச் சட்டவிரோதம். 2022-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைக்கப்பட்டார்கள். அரசு தலையிட்டுத்தான் மீட்டு வர முடிந்தது. அவர்களும் நம்மைப் போலப் படித்தவர்கள்தான்.

3. முதல் காகிதம் உங்கள் பெயர்

விசாவுக்கு முதல் எதிரி யார் தெரியுமா? நம் இனிஷியல்!

வெளிநாட்டுக் கணிப்பொறிக்கு ஒரு மனிதனுக்கு இரண்டு பெயர் வேண்டும். ஒன்று சொந்தப் பெயர், மற்றொன்று குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. இதனால் வரும் கூத்தைக் கேளுங்கள். செல்வராஜ் மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அவர் "முருகன் எஸ்". பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, சொந்தப் பெயர் "முருகன் செல்வராஜ்". பான் அட்டையில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள் என்பதால் "செல்வராஜ் முருகன்". ஆதாரில் "முருகன் செ". ஆள் ஒருவர்தான். ஆனால் காகிதத்தில் நான்கு பேர்!

இது வேடிக்கை இல்லை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா தர மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது விமான நிலையத்திலிருந்தே திரும்பியவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது.

ஆஸ்திரேலியக் குலுக்கலில் பதிய இந்தியர்களுக்கு இரண்டு காகிதம் கட்டாயம்: பாஸ்போர்ட்டும் பான் அட்டையும். என்னுடைய இரண்டிலும் பெயர் முன்பின்னாக இருந்தது. நல்ல வேளையாக ஆறு மாதம் முன்பே கவனித்து பான் அட்டையைத் திருத்தினேன். செலவு கொஞ்சம்தான், அலைச்சல்தான் அதிகம். ஆகவே என் யோசனை இது. இறுதியாண்டு முடிவதற்குள் பாஸ்போர்ட் எடுங்கள். எடுக்கும்போது இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்திலும், உங்கள் பெயரைச் சொந்தப் பெயர் இடத்திலும் போடுங்கள். சாதாரண பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாய். தத்காலுக்கு மேலும் 2,000. பிறகு பான், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் அதன் பின்னால் வரிசையில் நிறுத்துங்கள். தோழிகளுக்கு இன்னொரு சொல்: திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை விசாவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று ஒன்று வரும். மாமல்லபுரம் போகும் சாலை இல்லை! வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு அது. பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு அது தேவையில்லை. எனவே விண்ணப்பத்தோடு பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காமல் வையுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குறிப்பு ஒட்டிக்கொள்ளும்.

4. குலுக்கலும் 28 நாளும்

குலுக்கலில் பதிய 25 டாலர். படிப்பு, மதிப்பெண், அனுபவம் எதையும் பார்ப்பதில்லை. கணிப்பொறி கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும். இதைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்: குலுக்கலில் பெயர் வர வைக்க எந்த ஏஜெண்டாலும் முடியாது.

2025-ன் தொடக்கத்தில் என் பெயர் வந்தது. அப்போது எனக்கு வயது 28. கோவையில் பம்பு தயாரிக்கும் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு மெஷின் சத்தத்துக்கு நடுவில் நின்று கத்தினேன். சூப்பர்வைசர் கை மாட்டிக்கொண்டது என்று நினைத்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்.

பெயர் வந்தால் விசா வந்துவிட்டது என்று பொருள் இல்லை. முழு விண்ணப்பம் போட அழைப்பு வந்திருக்கிறது என்றுதான் பொருள். அதற்கு 28 நாள். அந்த 28 நாளில் ஒவ்வொரு காகிதமாகத் தேடக் கிளம்பினால் விடியாது. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை இவை.

அ) பாஸ்போர்ட், பான் அட்டை. கலரில் தெளிவாக ஸ்கேன் செய்தது. செல்போனில் சாய்த்து எடுத்த படம் உதவாது.

ஆ) பட்டம் அல்லது டிப்ளமோ சான்றிதழ், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள். சான்றிதழ் இன்னும் வரவில்லை என்றால் தற்காலிகச் சான்று.

இ) ஆங்கிலத்துக்குச் சான்று. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதி 12 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆங்கில வழியில் படித்தவர்கள் முதல்வரிடம் பயிற்றுமொழிச் சான்று வாங்கி வையுங்கள். நம் அலுவலகத்தில் தேர்வு நேரத்தில் போய் நின்றால் கிடைக்காது, அது உங்களுக்கே தெரியும்!

ஈ) பிறப்புச் சான்று போன்றவை தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவர் தம் பெயர், முகவரி, தகுதி ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

உ) காவல்துறைச் சான்று. கேட்டால் கொடுக்க வேண்டும். உள்ளூர் ஸ்டேஷனில் வாங்கும் நன்னடத்தைச் சான்று செல்லாது. பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்க வேண்டும்.

ஊ) மருத்துவப் பரிசோதனை. இந்தியாவிலிருந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கப் போகிறவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே உண்டு. அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும். நம் குடும்ப டாக்டர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் சீட்டு செல்லாது.

எ) வங்கிக் கணக்கு அறிக்கை. இதைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

விசாக் கட்டணம் 600 டாலருக்கு மேல். ஒவ்வோராண்டும் ஜூலையில் மாறும். விசா மறுத்தால் பணம் திரும்பாது.

5. நான் முழுகிய இடம்

5,000 டாலர் என்றால் அன்றைய மதிப்பில் சுமார் 2,70,000 ரூபாய். என் கணக்கில் 1,10,000 இருந்தது. மீதிக்கு எங்கே போவது?

எங்கள் பகுதியில் ஒரு ஏஜெண்ட் இருந்தார். ஊரும் பேரும் வேண்டாம். அழைப்பு வந்ததை நான் நண்பர்களிடம் சொன்ன மறுநாளே தேடி வந்தார். "உங்க பேரு வந்துச்சா? அதிர்ஷ்டம் தம்பி! இனி என்கிட்ட விடுங்க" என்றார். விண்ணப்பம் போட 40,000 ரூபாய் பேசினார். பணம் காட்டுவது பற்றிக் கேட்டேன். சிரித்தார். "அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி. எஃப்.டி. லெட்டர் ரெடி பண்ணிக்கலாம். பதினஞ்சாயிரம் தனியா ஆகும். எல்லாரும் இப்படித்தான் போறாங்க" என்றார்.

எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரியும். என் பெயரில் இல்லாத வைப்பு நிதிக்கு ஒரு காகிதம் வரப்போகிறது என்று தெரியும். ஆனால் "எல்லாரும் இப்படித்தான்" என்ற ஒரு சொல் என் வாயை அடைத்துவிட்டது. அந்தக் காகிதத்தை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. என் பெயரில் கணக்குத் திறந்தவர் அவர், கடவுச்சொல் வைத்தவர் அவர், "இதில் கூறியவை யாவும் உண்மை" என்ற கட்டத்தில் டிக் அடித்தவரும் அவர். விண்ணப்பதாரர் மட்டும் நான்.

வீட்டில் அம்மா பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் வறுக்க ஆரம்பித்துவிட்டார்.

சில வாரம் கழித்து அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. நீங்கள் தந்த வைப்பு நிதிச் சான்றை வங்கியிடம் கேட்டோம், அப்படி ஒரு வைப்பு இல்லை என்கிறார்கள், உங்கள் விளக்கம் என்ன என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். என்ன விளக்கம் சொல்வது? ஏஜெண்டுக்கு போன் போட்டேன். "அது நீங்க குடுத்த பேப்பர்னு சொல்லுங்க தம்பி" என்றார். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

விசா மறுக்கப்பட்டது. அதோடு போயிருந்தால் அடுத்த ஆண்டு மறுபடி குலுக்கலில் நின்றிருப்பேன். அங்கே 4020 என்று ஒரு விதி இருக்கிறது. போலிக் காகிதமோ பொய்த் தகவலோ கொடுத்து மறுக்கப்பட்டால் மூன்று ஆண்டுக்கு அந்த விதி பொருந்தும் விசாக்கள் கிடைக்காது. ஆளையே மாற்றிக் காட்டியிருந்தால் பத்து ஆண்டு. கொடுத்தது ஏஜெண்டா நீங்களா என்ற பேச்சுக்கு இடமில்லை. உங்கள் விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் காகிதம்.

கணக்கு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 28-உடன் 3-ஐக் கூட்டினால் 31. தடை முடியும் நாளில் எனக்கு வயதும் முடிந்திருக்கும். மூன்று ஆண்டுத் தடை என்று காகிதத்தில் எழுதியிருந்தது. எனக்கு அது ஆயுள் தடை.

இதைவிடப் பெரிய பாடம் அன்று இரவு கிடைத்தது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விசைத்தறியில் வேலை செய்பவர். வெகு நேரம் பேசவில்லை. பிறகு பீரோவைத் திறந்து ஒரு சீட்டுப் பாஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். என் தங்கை கல்யாணத்துக்கென்று கட்டி வந்த சீட்டு. அந்த மாதமே எடுத்திருக்கலாம். "ஏங்கண்ணு, ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா? உம் பேர்ல போட்டு வெச்சு, போய்ட்டு வந்து திருப்பிக் கட்டியிருப்பியே" என்றார்.

அதுதான் உண்மை. கையிருப்பு என்பது நாம் அங்கே போனதும் வேலை கிடைக்கும் வரை பட்டினி கிடக்காமல் இருக்கத்தான். அப்பாவோ மாமாவோ கொடுத்த பணம் என்றால், கொடுத்தவரின் கடிதமும், அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்கு வந்த பதிவும் இருந்தால் நேர்மையாகச் சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் கேட்க வெட்கப்பட்டு, முன்பின் தெரியாதவரிடம் 55,000 ரூபாயும் என் பெயரையும் கொடுத்தேன். அந்தப் பருப்புப் பொடியை வீட்டில் நாங்களே சாப்பிட்டுத் தீர்த்தோம்.

6. ஏஜெண்ட் எதற்கு, எதற்கு இல்லை?

எல்லா ஏஜெண்டுகளும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்கு ஆள் அனுப்ப அரசிடம் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உண்டு. அவர்கள் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்டால் கேட்பவர் யார் என்று பாருங்கள்.

வேலை விடுமுறை விசாவுக்கு ஏஜெண்டே தேவையில்லை. அந்நாட்டு அரசின் தளத்தில் நீங்களே கணக்குத் திறந்து போடலாம். செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்டத் தெரிந்தவருக்கு இது கஷ்டமே இல்லை. யாரிடமாவது உதவி பெற்றாலும் மூன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மின்னஞ்சல் உங்களுடையது, கடவுச்சொல் உங்களிடம், அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படிப்பது நீங்கள்.

7. விசா கிடைத்த பின்

என் கதை இங்கே நின்றுவிட்டது. உங்கள் கதை நிற்க வேண்டாம். போவதற்காக நான் படித்து வைத்திருந்தவற்றை உங்களுக்குத் தருகிறேன். யாருக்காவது பயன்படட்டும்.

ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டாது. விசா கணிப்பொறியில்தான் இருக்கும். அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் நிபந்தனைகள் எண் போட்டு இருக்கும். இந்த விசாவில் முக்கியமானவை இரண்டு. ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நான்கு மாதத்துக்கு மேல் படிக்கக் கூடாது. விவசாயம், கட்டடம் போன்ற குறிப்பிட்ட வேலைகளைக் குறிப்பிட்ட பகுதிகளில் மூன்று மாதம் செய்தால் இரண்டாவது விசா கேட்க வழி உண்டு.

இறங்கும்போது உணவுப் பொருள், விதை, இலை, மரச் சாமான் ஏதேனும் உண்டா என்று கேட்பார்கள். ஊறுகாய், வடகம், நெய், கறிவேப்பிலை, மஞ்சள் கிழங்கு எது இருந்தாலும் "ஆம்" என்று எழுதுங்கள். எழுதினால் பரிசோதிப்பார்கள், ஆகாததை எடுத்துப் போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான், தண்டனை இல்லை. மறைத்துப் பிடிபட்டால் பெரிய அபராதம் உண்டு, விசாவையே ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு ஓராண்டை இழக்க வேண்டுமா? மருந்து கொண்டு போனால் மூன்று மாத அளவுக்குள், டாக்டர் கடிதத்தோடு. ரொக்கம் 10,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும்.

நம் படிப்புக்கும் அங்கே உள்ள வேலைக்கும் ஒரு சொல். மின்னியல் டிப்ளமோ வைத்திருக்கிறோம் என்று அங்கே வீட்டுக்கு வயரிங் செய்ய முடியாது. அந்த மாநில லைசென்ஸ் வேண்டும். கட்டட வேலைத் தளத்தில் கால் வைக்கவே பாதுகாப்புப் பயிற்சி முடித்து வெள்ளை அட்டை வாங்க வேண்டும். ஆகவே ஆரம்பத்தில் பழத்தோட்டமோ, ஓட்டல் சமையற்கட்டோ, கிடங்கோதான் கிடைக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கேவலம் ஒன்றும் இல்லை. 2025 ஜூலையில் அங்கே தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலராக இருந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்பவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். போனதும் வரிக் கோப்பு எண் வாங்குங்கள். வேலை விடுமுறைக்காரர்களுக்கு 45,000 டாலர் வரை வருமானத்தில் முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி பிடிப்பார்கள். இதைக் கழித்துவிட்டுத்தான் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று கணக்குப் போட வேண்டும்.

8. இன்றே செய்ய வேண்டியவை

முதலாண்டு மாணவர்கள்: மதிப்பெண் பட்டியல், ஆதார், பிறப்புச் சான்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

இரண்டாமாண்டு மாணவர்கள்: பாஸ்போர்ட், பான் அட்டை எடுங்கள். சொந்தமாக ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கி, மாதம் ஐந்நூறு ரூபாயாவது போட்டு வாருங்கள். ஒரே நாளில் வந்து விழுந்த லட்சத்தைவிட மாதந்தோறும் வளர்ந்த கணக்குக்கு மதிப்பு அதிகம்.

இறுதியாண்டு மாணவர்கள்: பயிற்றுமொழிச் சான்று, தற்காலிகச் சான்று, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வரிசையாக வையுங்கள். முக்கியமாக, வீட்டில் உட்கார்ந்து பணத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசுங்கள்.

முடிவுரை

பட்டறையில் நமக்கு முதல் பாடம் என்ன? ஃபைலிங். ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக்க எத்தனை நாள் ராவினோம்! மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் துளி இடைவெளி தெரிந்தாலும் இன்ஸ்ட்ரக்டர் "மறுபடி போடு" என்பார். அன்று அலுத்துக்கொண்டோம். விசா அதிகாரியும் அதையேதான் செய்கிறார். உங்கள் பெயர், தேதி, படிப்பு, பணம் ஒவ்வொன்றையும் ஒன்றோடொன்று வைத்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். இடைவெளி இல்லாவிட்டால் கதவு திறக்கிறது. குறை இருந்தால் மறுபடி ராவலாம். பான் அட்டையில் நான் செய்ததைப் போல. ஆனால் பொய்யை வைத்து இடைவெளியை அடைத்தால், வேலைத் துண்டையே எடுத்து எறிந்துவிடுகிறார்கள்.

என் துண்டு போய்விட்டது. உங்கள் கையில் இன்னும் இருக்கிறது. நிதானமாக ராவுங்கள். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு இடம் உண்டு. அதில் ஒருவர் நம் பாலிடெக்னிக்கிலிருந்து போனால், பெட்டி தூக்கிக்கொண்டு விமான நிலையம் வரை வர நான் தயார்.

வாழ்த்துக்களுடன்,
உங்கள் முன்னாள் மாணவன்.